வளையும் முதுகெலும்பு மாடல்: பல வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

சொந்தமாக பிசியோதெரபி கிளினிக் தொடங்கப்போகும் தோழி ஒருத்தி, "நீ வச்சிருக்கிற முதுகெலும்பு மாடல் நல்லா உழைக்குதா? அதையே வாங்கட்டுமா?" என்று கேட்டாள். அதே வாரம்தான் அதன் உள்கம்பி தளர்ந்துபோய் மாற்ற வேண்டியிருந்தது. எல்லாவற்றையும் கழற்றி மாட்டியதில் சொல்ல நிறையச் சேர்ந்துவிட்டது. அவளுக்கு எழுதத் தொடங்கிய பதில்தான் இது.

நிஜ அளவு, பிளாஸ்டிக், ஸ்டாண்டில் தொங்கும் வகை. மண்டையோட்டின் அடிப்பகுதியில் தொடங்கி இடுப்புக்கூடு வரை இருக்கும். மஞ்சள் ரப்பரில் நரம்புகள். துறையில் இருப்பவர்களுக்கு இதற்கு மேல் சொல்லத் தேவையில்லை.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். எலும்புகளின் வடிவத்தில் குறையே இல்லை. கழுத்தில் 7, மார்பில் 12, இடுப்பில் 5 என்று ஒவ்வொரு முள்ளெலும்பும் அதனதன் முகத்தோடு இருக்கிறது. பின்பக்கம் ஒரு முள்ளெலும்பு அடுத்ததோடு சேரும் சின்னச் சின்ன ஃபேசட் மூட்டுகளைக்கூட சரியான கோணத்தில் வார்த்திருக்கிறார்கள். இதில்தான் எனக்கு எதிர்பாராத சந்தோஷம் கிடைத்தது. வருகிறவர்களின் விரலைப் பிடித்து மார்புப் பகுதி மூட்டில் வைப்பேன். அங்கே மூட்டுப் பரப்பு ஏறக்குறைய முதுகைப் பார்த்தபடி இருப்பதால் ஒன்றின்மேல் ஒன்று பக்கவாட்டில் வழுக்கித் திரும்ப முடியும். அப்புறம் விரலை இடுப்புக்கு இறக்குவேன். அங்கே பரப்புகள் முன்பின்னாக நிமிர்ந்து நிற்கும். குனியலாம், நிமிரலாம், திரும்பப் பார்த்தால் இடிக்கும். இடுப்பில் ஒரு மூட்டு ஒரு பக்கமாகத் திரும்புவது ஓரிரண்டு டிகிரிதான். "இடுப்பைத் திருப்பித்தானே பின்னாடி பாக்குறோம்?" என்று கேட்டவர்கள், விரலால் தொட்டதும் அமைதியாகிவிடுவார்கள். திரும்பும் வேலையில் பெரும்பங்கை மார்பும் கழுத்தும் பார்க்கின்றன. கழுத்து திரும்புவதில் ஏறக்குறைய பாதி, மேலே இருக்கும் அட்லஸ், ஆக்சிஸ் என்ற முதல் இரண்டு எலும்புகளுக்கு நடுவில் மட்டும் நடக்கிறது. மற்ற எலும்புகளுக்கு நடுவில் மெத்தை மாதிரி இருக்கும் டிஸ்க்கே அங்கே கிடையாது. ஆக்சிஸின் பல் போன்ற முனையைச் சுற்றி அட்லஸ் சுழல்வதை இந்த மாடலில் கையால் செய்து பார்க்கும்போது, இத்தனை வருடமாகியும் எனக்கு அலுப்பதில்லை.

கம்பி தளர்ந்த பிறகு இதுவும் கெட்டது. என்னுடையதில் கம்பி முள்ளெலும்புகளின் உடலைத் துளைத்துக்கொண்டு போகிறது. தளர்ந்ததும் எலும்புகளுக்கு இடையே சந்து விழுந்து, இடுப்பு எலும்புகள் கழுத்து மாதிரி சுற்ற ஆரம்பித்தன. புதுக் கம்பி போட்டு இறுக்கியதும் பழையபடி இடிக்கிறது. அந்த வகையில் பழுதுபார்த்தது வீண்போகவில்லை.

சரி, இப்போது அந்தச் சிவப்பு டிஸ்க்.

இடுப்பின் கடைசி இரண்டு எலும்புகளான எல்4, எல்5க்கு நடுவில் ஒரு டிஸ்க் மட்டும் வெளியே பிதுங்கி, பளிச்சென்ற சிவப்பில், பக்கத்து நரம்பை அழுத்திக்கொண்டு நிற்கும். இடத்தில் தப்பே இல்லை. இடுப்பில் வரும் டிஸ்க் பிதுக்கத்தில் 90 சதவீதத்துக்கும் மேல் கடைசி இரண்டு டிஸ்க்குகளில்தான் வருகிறது. எலும்புகளைப் பிணைக்கும் பின்பக்கத் தசைநார் நடுவில் தடித்தும் ஓரங்களில் மெலிந்தும் இருப்பதால் பின்புற ஓரத்தில்தான் பெரும்பாலும் பிதுங்கும். அதையும் கவனித்துச் செய்திருக்கிறார்கள். ஆனால் கிளினிக்குக்குள் நுழைகிறவர் கண் வேறெங்கும் போவதில்லை. நாலு நாள் முதுகு வலி, கையில் ஓர் எம்ஆர்ஐ ரிப்போர்ட், உட்காருவதற்கு முன்பே "எனக்கும் இப்படித்தான் வெளியே வந்துடுச்சா மேடம்?" என்ற கேள்வி.

எனக்குக் கோபம் வருவது இங்கேதான். முதுகு வலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களைத் தொகுத்து 2015இல் வெளியான ஓர் ஆய்வில், 20 வயதில் 30 சதவீதம் பேருக்கும் 80 வயதில் 84 சதவீதம் பேருக்கும் டிஸ்க் புடைத்திருந்தது. வலியே இல்லாதவர்கள் இவர்கள்! உண்மையாகவே பிதுங்கி நரம்பைத் தொட்ட துண்டுகளும் பல பேருக்குச் சில மாதங்களில் சுருங்குகின்றன. வெளியே வந்த பகுதியை உடம்பே அந்நியப் பொருளாகக் கண்டு அரித்துத் தின்கிறது. முழுதாகப் பிரிந்து விழுந்த துண்டு சுருங்க அதிக வாய்ப்பு என்பது இன்னும் ஆச்சரியம். இதை வாயால் எவ்வளவு சொன்னாலும், எதிரில் அந்தச் சிவப்பு துருத்திக்கொண்டே இருக்கிறது. கண் பார்த்ததைத்தான் மனசு நம்புகிறது.

போதாக்குறைக்கு அதன் பசையும் விட்டுவிட்டது. தொட்டால் டிஸ்க் வழுக்கிக்கொண்டு பக்கத்தில் வரும். ஒருவர் அதை விரலால் தள்ளிப் பார்த்துவிட்டு, ஷூ லேஸ் கட்டக் குனிவதற்கே பயந்துபோனார். அந்தப் பயத்தை எடுக்க எனக்கு வாரக்கணக்கில் ஆனது. நிஜ டிஸ்க்கை யாரும் அப்படி வைத்து ஒட்டவில்லை. நடுவில் கூழ், சுற்றிலும் 15 முதல் 25 அடுக்கு நார் வளையம். ப்ளைவுட்டில் போல ஓர் அடுக்கின் இழை ஒரு பக்கம் சாய்ந்தால் அடுத்தது எதிர்ப் பக்கம் சாயும். வெளி அடுக்குகளின் நார்கள் எலும்புக்குள்ளேயே வேரோடியிருக்கும். ஆய்வகத்தில் ஆரோக்கியமான டிஸ்க்கை எலும்போடு சேர்த்து நேராக அழுத்தினால், முதலில் உடைவது டிஸ்க்கைத் தொட்டிருக்கும் எலும்பின் முனைத்தட்டுதான். பகலெல்லாம் பாரத்தில் கொஞ்சம் நீரை இழந்து, ராத்திரி படுத்ததும் அதைத் திரும்ப உறிஞ்சும் உயிருள்ள பொருள் அது. இதனாலேயே நம் உயரம் ஒரே நாளில் சுமார் 1 சதவீதம் குறைந்து கூடுகிறது.

தயாரித்தவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. பிதுங்கிய டிஸ்க் நரம்பை அழுத்திக் கால்வலி தருகிறது என்பதை 1934இல் மிக்ஸ்டர், பார் என்ற இரண்டு அறுவைச் சிகிச்சை மருத்துவர்கள் எழுதிய பிறகுதான் மருத்துவ உலகம் தெளிவாகப் புரிந்துகொண்டது. இடுப்பில் தொடங்கிப் பாதம் வரை மின்னலாக இறங்கும் வலியோடு வருகிறவருக்கு, முதுகில் இருக்கும் காரணம் காலில் ஏன் வலிக்கிறது என்று காட்ட இந்தச் சிவப்பைவிட நல்ல வழி இல்லை. தண்டுவடம் இடுப்பின் முதல் இரண்டு எலும்புகளான எல்1, எல்2 அருகிலேயே முடிந்து, அதற்குக் கீழே நரம்புகள் கொத்தாக இறங்குவதையும் அழகாகக் காட்டியிருக்கிறார்கள். அந்த இடத்தைக் காட்டித்தான், சிறுநீர் கட்டுப்பாடு போனாலோ தொடையிடுக்கு மரத்தாலோ ஒரு நிமிடமும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போகச் சொல்கிறேன். இந்த ஒரு பயன் போதும், மாடல் இருக்க வேண்டும் என்பதற்கு.

ஆனால் தசை? ஒரு இழை கூடக் கிடையாது. தசையெல்லாம் நீக்கி, தசைநார்கள் மட்டும் இருக்கும் இடுப்பு முதுகெலும்பை நிறுத்திப் பாரம் ஏற்றினால் சுமார் 90 நியூட்டனில், அதாவது 9 கிலோ பாரத்திலேயே, மடங்கிவிடுகிறது. நம் மேலுடம்பு அதைவிடப் பல மடங்கு கனம். நாம் நிற்பது முள்ளெலும்புகளைப் பின்னிப் பிடித்திருக்கும் மல்டிஃபிடஸ் போன்ற தசைகளால். நான் உடற்பயிற்சி ரப்பர் பட்டையை நறுக்கி, இரண்டு பக்கமும் கட்டி வைத்திருக்கிறேன். பட்டையை இழுத்துப் பிடித்தால் மாடல் நிமிர்கிறது, விட்டால் சாய்கிறது. பயந்து வந்தவர்கள் முகம் தெளிவது அப்போதுதான். இவ்வளவு நுணுக்கமாக எலும்பு செய்தவர்கள், சிவப்பு டிஸ்க்குக்குச் செலவழித்த அக்கறையில் பாதியை இதற்குக் கொடுத்திருக்கலாமே!

கணக்குப் போட்டால் 5க்கு 4 தர வேண்டும். தர மனமில்லை, 2தான். தோழிக்கு நான் சொன்னது: இதையே வாங்காதே, சிவப்பு டிஸ்க் தனியாகக் கழன்று, அந்த இடத்தில் சாதாரண டிஸ்க் மாட்டக்கூடிய வகை இருக்கிறதா என்று பார். கிடைத்தால் சிவப்பை டிராயரில் போட்டு வை. கால்வலியோடு யாராவது வரும்போது மட்டும் வெளியே எடு.