ஜப்பானை அடித்துவிட்டு ஹராரேயை எழுதித் தந்த ஏஜென்ட் ஆபீஸ்

கோவை கணபதியில் போர்வெல் பம்ப் பட்டறை வைத்திருக்கிறேன். மணல் கலந்த தண்ணீரிலும் சீக்கிரம் தேயாத ஒரு சீலுக்கு (பம்புக்குள் தண்ணீர் கசியாமல் அடைக்கும் பாகம்) இந்தியாவில் காப்புரிமை விண்ணப்பம் போட்டிருந்தேன். அதே சீலுக்கு வெளிநாடுகளில் விண்ணப்பிக்க 12 மாதக் கெடு. பத்தாவது மாதம் சென்னையில் ஒரு காப்புரிமை ஏஜென்ட் ஆபீஸுக்குப் போனேன். ஒரு குறையும் சொல்லப் போவதால் பெயர் போடவில்லை.

அமெரிக்கா, ஐரோப்பா, ஜப்பான், சீனா, பிரேசில் என்று எழுதிக்கொண்டு போயிருந்தேன். அங்கிருந்த மேடம் கேட்ட முதல் கேள்வி: "சார், போன வருஷம் எந்த நாட்டுக்கு எத்தனை பம்ப் அனுப்புனீங்க?" கென்யா, தான்சானியா, உகாண்டாவுக்குத்தான் அதிகம். ஜப்பானுக்கு ஒன்றுகூட இல்லை.

பி.சி.டி விண்ணப்பம், அதாவது பல நாடுகளுக்கும் சேர்த்து முதலில் போடும் ஒரே சர்வதேச விண்ணப்பம், பெரிய செலவே இல்லை என்று அவர்தான் புரியவைத்தார். அடிப்படைக் கட்டணம் 1,330 ஸ்விஸ் ஃபிராங்க். பட்டறை தனி உரிமையில் இருப்பதால் விண்ணப்பதாரர் நானே. இந்தியத் தனிநபருக்கு அதில் 90 சதவீதம் தள்ளுபடி. கம்பெனியாகப் பதிந்திருந்தால் முழுசும் கட்டியிருக்க வேண்டும். பணம் கரைவது இந்திய விண்ணப்பம் போட்டு 30 மாதம் ஆனபிறகு, ஒவ்வொரு நாட்டுக்குள்ளும் தனித்தனியாக நுழையும்போதுதான். ஜப்பானுக்கு ஜப்பானியத்தில், சீனாவுக்குச் சீனத்தில், பிரேசிலுக்குப் போர்த்துகீசியத்தில் மொழிபெயர்ப்பு, அங்கங்கே ஒரு வக்கீல், ஆட்சேபத்துக்கு ஆட்சேபம் பதில், அப்புறம் வருடக் கட்டணம். நைரோபியில் எவனாவது என் சீலை நகலெடுத்தால் அது என் வயிற்றில் அடி. ஒசாகாவில் எடுத்தால் எனக்கு என்ன நஷ்டம்?

ஜப்பான், சீனா, பிரேசில் மூன்றையும் அடித்துவிட்டு, ஜிம்பாப்வே தலைநகர் ஹராரேயில் இருக்கும் அரிப்போ அலுவலகத்தை, அதாவது ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றுக்குப் பொதுவான காப்புரிமை அலுவலகத்தை, எழுதிக் கொடுத்தார். ஆங்கிலத்தில் ஒரே விண்ணப்பம். அதிலேயே கென்யா, தான்சானியா, உகாண்டா மூன்றையும் குறிப்பிடலாம். இப்படி ஒரு வழி இருப்பது எங்கள் பம்ப் வட்டாரத்தில் நான் கேட்ட யாருக்கும் தெரியவில்லை. அமெரிக்காவில் என்னைப் போன்ற சிறு தொழில்காரர்களுக்குக் கட்டணத்தில் 60 சதவீதம் குறைகிறது என்பதால் அதையும் வைத்துக்கொண்டோம்.

குறை இதுதான். இத்தாலி டீலர் ஒருவரை நம்பி ஐரோப்பாவை நான்தான் பிடிவாதமாகச் சேர்த்தேன். அங்கே விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கும்போதே மூன்றாம் வருடத்திலிருந்து வருடக் கட்டணம் கட்ட வேண்டும். கொட்டேஷனில் அந்த வரியே இல்லை. ஐரோப்பாவுக்குள் நுழைந்த ஐந்தாம் மாதம் யூரோவில் பில் வந்து நின்றது. தீபாவளி போனஸுக்கு ஒதுக்கியிருந்த பணத்தை எடுத்துக் கட்டி, போனஸைப் பத்து நாள் கழித்துக் கொடுத்தேன். பையன்கள் முகத்தைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது.

ஐந்துக்கு நான்கு நட்சத்திரம். அடுத்த விண்ணப்பத்துக்கும் அங்கேதான் போவேன். இந்த முறை நாடுவாரியாக, வருடவாரியாகக் கட்டணம் போட்ட கொட்டேஷன் கைக்கு வந்தபிறகே கையெழுத்து.