டாம் நீரோவின் கதை: செப்புத்தகட்டிலா, மரக்கட்டையிலா?

நாயைச் சித்திரவதை செய்யும் சிறுவன் டாம் நீரோ வளர்ந்து, விழுந்து கிடக்கும் குதிரையை அடிக்கிறான். அப்புறம் தன்னை நம்பி வந்த கர்ப்பிணிக் காதலியைக் கொல்கிறான். தூக்கிலிடப்பட்ட அவன் உடலை மருத்துவர்கள் அறுக்க, கீழே கிடக்கும் இதயத்தை ஒரு நாய் முகர்கிறது. லண்டன் ஓவியர் வில்லியம் ஹோகார்த் 1751இல் நான்கு படங்களில் சொன்ன கதை இது.

ஏழைகளுக்கும் எட்ட வேண்டும் என்று மலிவான மரக்கட்டை அச்சில் இதை வெளியிட நினைத்தார். செலவு கூடிப்போனதால் கடைசி இரண்டு படங்களோடு அது நின்றது. நான்கும் முழுமையாக வந்தது செப்புத்தகட்டில் கோடுகளாகச் செதுக்கி எடுத்த அச்சில்தான். சாதாரணத் தாளில் ஒரு படம் ஒரு ஷில்லிங்.

மரக்கட்டைப் படங்கள் பெரியவை, கோடுகள் தடித்தவை. சுவரில் ஒட்டினால் தூரத்திலிருந்தே கண்ணில் அறையும். கொலைக் காட்சிக்கு அந்த முரட்டுத்தனம் பொருந்துகிறது என்பேன்.

ஆனால் முதல் படம் செப்பில் மட்டுமே உண்டு. அதில் ஒரு பையன் தன் கையிலிருக்கும் தின்பண்டத்தை நீட்டி, நாயை விட்டுவிடும்படி நீரோவைக் கெஞ்சுகிறான். இன்னொருவன் சுவரில் தூக்கில் தொங்கும் உருவத்தைக் கிறுக்கி, கீழே நீரோவின் பெயரை எழுதுகிறான். மெல்லிய கோடுகளில்தான் இதெல்லாம் துலங்கும். இந்தத் தொடக்கம் இல்லாவிட்டால் மிஞ்சுவது வெறும் கொலையும் தண்டனையும்தான். சரி, ஒன்றைத்தான் பார்க்க நேரம் என்றால் செப்புத் தொகுதியை எடுங்கள்.