பறப்புத் திட்டமிடல் செயலிக்குச் சந்தா கட்டுமுன்: வன்னியிலிருந்து ஒரு மதிப்பீடு

வவுனியா, கிளிநொச்சிப் பக்கமிருந்து கொழும்புக்கு அருகேயுள்ள இரத்மலானைக்குப் போய்ச் சிறுவிமானம் ஓட்டப் பழகும் இளையவர்கள், உரிமம் கையில் கிடைக்குமுன்னரே கேட்கும் கேள்வி எந்தப் பறப்புத் திட்டமிடல் செயலிக்கு ஆண்டுச் சந்தா கட்டலாம் என்பதுதான். ஃபோர்ஃபிளைட், கார்மின் பைலட், ஸ்கைடெமன் ஆகிய மூன்றையும் பயன்படுத்திப் பார்த்தபின் என் முடிவு இது: நாம் பறக்கும் வானத்தின் வரைபடங்களும் அறிவித்தல்களும் எதில் உரிய காலத்தில் புதுப்பிக்கப்படுகின்றனவோ, அந்தச் செயலிக்கே பணம் கட்டத் தகும்.

2019 இல் போயிங் நிறுவனம் வாங்கிய ஃபோர்ஃபிளைட்டின் பலம் அமெரிக்காவிலும் கனடாவிலும் இருக்கிறது. ரொறன்ரோவில் பறப்புப் பயிலும் எங்கள் பிள்ளைகளுக்குத் தயங்காமல் அதையே சொல்வேன். பிரித்தானியாவில் உருவான ஸ்கைடெமன் ஐரோப்பிய வான்வெளிக்கு ஏற்றது. பாதையில் குறுக்கிடும் தடைசெய்யப்பட்ட வான்பரப்புகளை அது பக்கவாட்டுத் தோற்றத்தில், உயரத்தோடு சேர்த்துக் காட்டும் தெளிவு எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ஃபோர்ஃபிளைட் ஆப்பிள் கருவிகளில் மட்டுமே இயங்கும். மற்ற இரண்டும் அண்ட்ரொயிட்டிலும் இயங்கும்.

எங்கள் வானத்துக்கு இவற்றைச் சோதிக்கும் வழி எளிது. இலவசச் சோதனைக் காலத்திலேயே இரத்மலானையிலிருந்து யாழ்ப்பாணத்துப் பலாலிக்கு ஒரு கோடு இழுத்து, அநுராதபுரம், வவுனியா, இரணைமடு விமானப்படைத் தளங்களைச் சூழ்ந்த வான்பரப்பு எல்லைகள் தெரிகின்றனவா, விமானிகளுக்கான அன்றைய எச்சரிக்கைகளான நோட்டாம் அறிவித்தல்கள் வருகின்றனவா என்று பாருங்கள். பிறகு அவற்றை இலங்கையின் அதிகாரபூர்வமான வான்போக்குவரத்துத் தகவல் வெளியீட்டோடு ஒப்பிடுங்கள். உலகெங்கும் இத்தகவல்கள் 28 நாட் சுழற்சியில் திருத்தப்படுவதால், இரண்டு சுழற்சிகள் பிந்திய வரைபடம் எத்தனை வடிவாக இருந்தாலும் அதை நம்பிப் பறக்க முடியாது. இந்தச் சோதனையில் தேறாத செயலிக்கு ஒரு சதமும் கட்ட வேண்டாம். தூரமும் திசையும் கணக்கிட்டுப் பழகுவதற்கு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஸ்கைவெக்டர் போதும்.

காற்றைச் சேர்த்துக் கணிப்பதில்தான் செயலியின் உண்மையான பயன் இருக்கிறது. அந்த இரத்மலானை–பலாலிக் கோட்டின் நீளம் ஏறத்தாழ 180 கடல் மைல். மணிக்கு 110 கடல் மைல் வேகத்தில் போகும் செஸ்னா 172 சிறுவிமானம் காற்றில்லாத நாளில் அதை 1 மணி 40 நிமிடத்துக்குள் கடந்துவிடும். வாடைக் காற்று 20 கடல் மைல் வேகத்தில் எதிர்த்தால் 2 மணி நேரம் பிடிக்கும். மணிக்கு 32 லீற்றர் அளவில் எரிபொருள் குடிக்கும் அந்த விமானத்துக்கு இது ஏறத்தாழ 12 லீற்றர் கூடுதல் செலவு. சோளகக் காலத்தில் இதே கணக்கு திரும்பி வரும் பயணத்தில் எதிராக நிற்கும். ஏற்கனவே உள்ள கட்டாயச் சேமிப்பு எரிபொருளுக்கு மேலாக இதை ஏற்றியாக வேண்டும் என்பதால், காற்றைத் தானாக எடுத்துக் கணக்கில் சேர்க்காத திட்டமிடல் செயலியை நான் வாங்கமாட்டேன்.

பருவக்காற்றுகளுக்கு இடைப்பட்ட ஏப்ரலிலும் ஒக்டோபரிலும், காலையில் வெளித்திருக்கும் மாங்குளத்து வானம் பிற்பகலில் இடிமுகில் கட்டி நிற்கும். அதனால், வன்னிக்கு மேலே பறக்கும் ஒருவர் முதன்முதலில் காசு கொடுத்து வாங்கவேண்டியது வின்டி என்ற வானிலைச் செயலியின் கட்டணச் சந்தா என்பது என் உறுதியான எண்ணம். முன்கணிப்பை மணிக்கு மணி அது காட்டுவதால், புறப்படும் நேரத்தை முன்னகர்த்த முடிகிறது. ஆனாலும் அது எதிர்வுகூறல் மட்டுமே. விமானநிலையத்தின் வானிலை அறிக்கையைக் கேட்டுக்கொண்டுதான் புறப்பட வேண்டும்.

கருவியிலும் கவனம் தேவை. வெளிநாட்டு உறவினர் அன்போடு அனுப்பிவைக்கும் ஐபாட் வைஃபை மட்டும் கொண்டதாயின், அதில் ஜிபிஎஸ் இராது. வரைபடம் திறக்கும், நாம் எங்கே நிற்கிறோம் என்பதைக் காட்டாது. சிம் வசதியுள்ள வகையைக் கேட்டு வாங்குங்கள், அல்லது புளூடூத்தில் இணையும் தனி ஜிபிஎஸ் கருவியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். மேலே போனபின் தொலைபேசி அலைவரிசையை நம்ப முடியாது என்பதால், வரைபடங்களைத் தரையிலேயே தரவிறக்கி வைக்க வேண்டும். கண்ணாடிக்குள் விழும் வெயிலில் ஐபாட் சூடேறி அணைந்துவிடுவதும் உண்டு. அச்சடித்த வரைபடமும் கையால் எழுதிய பறப்புக் குறிப்பும் மடியில் இருக்கட்டும்.

சந்தாக்கள் பெரும்பாலும் டொலரிலோ பவுண்ஸிலோ அறவிடப்படுகின்றன. 2022 இல் டொலர் ஏறத்தாழ 200 ரூபாயிலிருந்து 350 ரூபாயைத் தாண்டியபோது, விலை மாறாத சந்தாவும் எங்கள் கைக்கு எட்டாமற் போனது. ஆகையால் தானியங்கிப் புதுப்பித்தலைப் பதிவு செய்த அன்றே நிறுத்திவிட்டு, ஆண்டு முடிவில் அதே இரத்மலானை–பலாலிக் கோட்டை மீண்டும் சோதித்த பின்னரே அடுத்த ஆண்டுக்குக் கட்டுங்கள்.