லெவெடிரசெட்டம்: வலிப்பு நின்றது, மகளின் சுபாவம் மாறியது

ஒன்றரை ஆண்டுக்கும் மேலாக எங்கள் மகளுக்கு லெவெடிரசெட்டம் சிரப் கொடுத்திருக்கிறோம். வலிப்பை நிறுத்தும் வேலையைப் பொறுத்தவரை அந்த மருந்தின் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. தூக்கத்தில் வாய் ஒரு பக்கமாகக் கோணி, கை வெட்டி வெட்டி இழுத்துக்கொண்டிருந்த குழந்தைக்கு, டோஸ் சரியாக அமைந்த பிறகு பல மாதங்கள் ஒரு வலிப்புகூட வரவில்லை. குழந்தைகளுக்கு இதை முதலில் எழுதித் தருவதற்குக் காரணங்களும் உண்டு: கல்லீரலுக்கு அதிகம் வேலை வைக்காமல் பெரும்பகுதி சிறுநீரில் வெளியேறிவிடுகிறது, மற்ற மருந்துகளோடு அவ்வளவாக மோதுவதில்லை, தேவைப்பட்டால் அளவை விரைவாக உயர்த்தலாம். ஆனால் மருந்தின் மறுபக்கத்தை நாங்கள் மகளின் குணத்தில்தான் கண்டோம். இந்தப் பகிர்வு பெரும்பாலும் அதைப் பற்றியது.

இயல்பில் அவள் பொறுமைசாலி. யாராவது பொம்மையைப் பிடுங்கினால்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டு வேறு விளையாட்டுக்குப் போய்விடுவாள். மருந்து தொடங்கிய சில வாரங்களில் சிறுசிறு விஷயங்களுக்கு அழுகை வந்தது. டோஸைக் கூட்டிய பிறகு அந்த அழுகை ஆத்திரமாக மாறியது. ஒரு மாலையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவள், ரப்பர் வைத்து அழித்த இடம் கறுத்துப்போனதற்காக அந்தத் தாளைக் கிழித்தாள், பிறகு நோட்டையே கிழித்தாள், தடுக்கப்போன தம்பியின் தோளில் கடித்தாள். கால் மணி நேரத்தில் எல்லாம் அடங்கி, என் மடியில் வந்து படுத்துக்கொண்டு, "நான் கோவப்படணும்னு நெனைக்கலம்மா, அதுவா வருது" என்றாள். கோபத்தின் அளவைவிட, அதற்கும் காரணத்துக்கும் இடையே இருந்த பொருத்தமின்மையும், அடங்கிய பிறகு அவளுக்கே ஏற்பட்ட திகைப்பும்தான் எங்களை யோசிக்க வைத்தன.

இருந்தாலும் பழியை உடனே மருந்தின் மேல் போட முடியாது. வலிப்பு நோய் உள்ள குழந்தைகளிடம் கவனக்குறைவும் படபடப்பும் மருந்து தொடங்கும் முன்பே இருப்பதுண்டு. வலிப்புக்கு முன்னும் பின்னும் சிடுசிடுப்பு வரலாம். தூக்கம் கெட்டால் எந்தக் குழந்தையும் முரண்டு பிடிக்கும். இந்த மருந்தின் தகவல் குறிப்பிலேயே இதற்கு ஒரு சான்று இருக்கிறது. 4 முதல் 16 வயது வரையிலான குழந்தைகளிடம் நடந்த ஆய்வுகளில், லெவெடிரசெட்டம் எடுத்தவர்களில் 37.6 சதவீதம் பேரிடம் நடத்தை சார்ந்த அறிகுறிகள் தோன்றின. மருந்தில்லாத வெற்று மாத்திரை எடுத்தவர்களிடமும் அது 18.6 சதவீதமாக இருந்தது. முதல் எண்ணைப் பார்த்துப் பயந்த நான், இரண்டாவது எண்ணைப் பார்த்த பிறகுதான் நிதானமாகக் கவனிக்க ஆரம்பித்தேன்.

மருத்துவரிடம் "ரொம்பக் கோபப்படுகிறாள்" என்று பொதுவாகச் சொன்னபோது, வளரும் வயதுதானே, பார்ப்போம் என்ற அளவில் பேச்சு முடிந்துவிட்டது. வலிப்புக்கு வைத்திருந்த குறிப்பேட்டிலேயே நடத்தைக்கும் ஒரு பத்தி ஒதுக்கி, எப்போது வெடித்தாள், எதற்காக, எவ்வளவு நேரம், முந்தைய இரவு தூங்கினாளா, டோஸ் எப்போது மாறியது என்று எழுதிக் கொண்டுபோன பிறகே பேச்சின் தன்மை மாறியது. டோஸ் கூடிய தேதிகளும் வெடிப்புகள் கூடிய தேதிகளும் அடுத்தடுத்து நின்றதை மருத்துவரே விரலால் தொட்டுக் காட்டினார். (உறவினர்கள் இதே காலத்தில் செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள், அவர்களிடம் குறிப்பேட்டைக் காட்டிப் பயனில்லை.)

முதலில் பி6 வைட்டமின் சேர்த்துப் பார்க்கலாம் என்றார், அதற்கு உறுதியான ஆதாரம் குறைவு என்பதையும் சேர்த்தே சொல்லி. சிறிது தணிந்ததுபோல் இருந்தது, நிலைக்கவில்லை. மருந்தை மாற்றும் பேச்சு வந்தபோதுதான் ஒவ்வொரு மருந்துக்கும் ஒரு குணம் உண்டு என்பது புரிந்தது. பீனோபார்பிடோன் சில குழந்தைகளை ஓரிடத்தில் உட்கார விடாது. டோபிராமேட் பேசும்போது சொல் கிடைக்காமல் தடுமாற வைக்கக்கூடும். பெராம்பனெலுக்கு ஆக்ரோஷம் குறித்த கடுமையான எச்சரிக்கையே உண்டு. வால்ப்ரோயேட் பிற்காலத்தில் அவர்கள் கர்ப்பமானால் சிசுவைப் பாதிக்கும் என்பதால் பெண் குழந்தைகளுக்குக் கூடியவரை தவிர்க்கிறார்கள். எங்களுக்கு லாமோட்ரிஜின் முடிவானது. அதைக் கடுமையான தோல் தடிப்பு வரும் ஆபத்தினால் வாரக்கணக்கில் மெல்ல மெல்லத்தான் உயர்த்த வேண்டும்; புதியது போதிய அளவை எட்டும்வரை பழையதையும் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். கோபம் தாங்கவில்லை என்று பழைய மருந்தைச் சட்டென்று நிறுத்தினால் வலிப்பு தொடர்ந்து வந்து உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதால், அந்த இடைக்காலத்தை வேறு வழியின்றிக் கடந்தோம். பழையதைக் குறைத்துக்கொண்டிருந்தபோது ஒரு விடியற்காலையில் மீண்டும் வலிப்பு வந்தது. மாற்றியது சரிதானா என்று அன்று முழுவதும் வீட்டில் விவாதம் நடந்தது.

லெவெடிரசெட்டம் முழுவதும் நின்று சில வாரங்கள் கழிந்த பிறகு, தம்பி அவள் பக்கத்தில் உட்கார்ந்து மறுபடி படம் வரையத் தொடங்கினான். எனக்கு அதுவே போதுமான அளவுகோலாக இருந்தது. எல்லாமே மாறிவிடவில்லை. பாடத்தில் கவனம் சிதறுவது அப்படியே இருக்கிறது, ஆகவே அது நோயோடு வந்ததாக இருக்கலாம் என்று மருத்துவர் தனியாக மதிப்பீடு செய்யச் சொல்லியிருக்கிறார். தூக்கம் கெட்ட நாட்களில் கோபமும் வருகிறது, ஆனால் அதற்கு ஒரு காரணம் இருக்கிறது, சமாதானப்படுத்தினால் அடங்குகிறது.

இதே மருந்தை எடுத்து எந்தச் சிக்கலும் இல்லாமல் வளரும் குழந்தைகள் ஏராளம் என்பதால், தொடங்கும் முன்பே இதை மறுக்க வேண்டியதில்லை. தொடங்கிய முதல் மாதங்களிலும் ஒவ்வொரு டோஸ் மாற்றத்துக்குப் பிறகும் கண் வைத்திருப்பது போதும். குழந்தை தன்னைத் தானே காயப்படுத்திக்கொண்டாலோ, சாவதைப் பற்றிப் பேசினாலோ மட்டும் அடுத்த சந்திப்புவரை காத்திருக்கக் கூடாது. வலிப்பு மருந்துகள் பொதுவாகவே தற்கொலை எண்ணத்தைத் தூண்டும் வாய்ப்பு சற்றுக் கூடுதல் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2008இல் எச்சரித்திருக்கிறது. நாங்கள் குறிப்பேட்டை இன்னும் தொடர்கிறோம். வலிப்பு இல்லாமல் இரண்டு ஆண்டுகள் கடந்தால் மருந்தைக் குறைப்பது பற்றிப் பேசலாம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார், அப்போதும் நடத்தைப் பத்தியைத்தான் முதலில் கேட்பாராம்.