7 பேர்ச்சஸில் 8 வருசம்: நின்ற மரமும் போன மரமும்

பண்டாரவளைக்கும் ஹப்புத்தளைக்கும் நடுவில், 4,300 அடி உயரத்தில் எங்கள் வீடு. 2017இல் தோட்டத்து லயக் காம்பராவை (தொழிலாளர் வரிசை வீட்டை) விட்டு இங்கே குடிவந்தோம். 7 பேர்ச்சஸ் காணி என்றால் ஏறக்குறைய 1,900 சதுர அடி. வீடு 550 சதுர அடி. மிச்சத்தில் பாதி, கால் வைத்தால் வழுக்கும் சரிவு. அந்த இடத்தில்தான் நானும் அம்மாவும் 8 வருசமாக மரமும் செடியும் வளர்த்து வருகிறோம். நட்ட முதல் வருசம் எந்தச் செடியும் அழகாகத்தான் இருக்கும். அதைப் பார்த்து யாருக்கும் யோசனை சொல்லக் கூடாது என்றுதான் இவ்வளவு காலம் பொறுத்து எழுதுகிறேன்.

முதலில் மண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். வீட்டுக்கு இடம் சமப்படுத்த மண் வெட்டும் பெக்கோ இயந்திரம் வந்து மலையை வெட்டியபோது, கறுத்த மேல்மண் எல்லாம் கீழ்ப்பக்கம் போய்விட்டது. எங்களுக்கு மிஞ்சியது மஞ்சளும் சிவப்புமான களியும் சரளையும். நான் அதைக் கவனிக்கவில்லை. எல்லோரும் சொல்கிறபடி நீளம், அகலம், ஆழம் மூன்றும் 2 அடியாகக் குழி தோண்டி, மாட்டுச் சாணமும் மக்கிய குப்பையும் போட்டு நிரப்பி, ஒரு பட்டர்புருட் கன்றை நட்டேன். யாழ்ப்பாணப் பக்கம் ஆனைக்கொய்யா என்பார்களே, அதுதான். 2 வருசம் தளதளவென்று வந்தது. 3ஆம் வருசம் இலை சிறுத்து வெளுத்தது. கொப்புகள் நுனியிலிருந்து காய்ந்து வந்தன. தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் ஊற்றினேன். கடைசியில் பிடுங்கிப் பார்த்தால் சின்ன வேரெல்லாம் கறுத்து, தொட்டதும் தோல் கழன்று வந்தது.

இறுகிய களியில் தோண்டிய குழி, வாளி மாதிரி. சுற்றிலும் தண்ணீர் இறங்காது. குழிக்குள் இருக்கும் பொலபொலப்பான மண்ணுக்குள் மட்டும் இறங்கித் தேங்கி நிற்கும். பட்டர்புருட்டின் வேரை அழுகவைக்கும் ஃபைட்டோப்தோரா என்ற கிருமிக்கு அப்படித் தேங்கிய ஈரம்தான் வேண்டும். நான் ஊற்றிய தண்ணீரும் சேர்ந்துதான் அந்த மரத்தைக் கொன்றது.

அம்மா 31 வருசம் தேயிலைக் கொழுந்து எடுத்தவர். பிடுங்கிய மரத்தைப் பார்த்துவிட்டு, "மொதல்ல கான வெட்டு புள்ள. தண்ணி போற வழிய காட்டாம எத நட்டாலும் அது தண்ணிக்குள்ளதான் நிக்கும்" என்றார். கான் என்றால் தண்ணீர் வடியும் வாய்க்கால். தேயிலை மலையில் எந்தக் கன்றும் வைப்பதற்கு முன்னால் அதை வெட்டுவார்கள். இதை நான் சின்ன வயதிலிருந்து பார்த்தவள்தான். வீட்டு மரத்துக்கும் அதுவே பொருந்தும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அந்த வருசமே வீட்டுக்கு மேல்பக்கம், மலையின் குறுக்காக ஒரு கான் வெட்டினோம். தண்ணீர் ஓடாமல் நடக்கிற அளவுக்குத்தான் சரிவு. கானுக்குள் இடையிடையே சின்னக் குழிகள். மண் அதில் தங்கிவிடும், தண்ணீர் நிரம்பி அடுத்ததற்கு வழியும். மழைக்குப் பிறகு அந்தக் குழி மண்ணை அள்ளி மேல்பக்கமே போட்டுவிடுவோம். அடுத்தது கூரைத் தண்ணீர். 1 அங்குல மழைக்கு 550 சதுர அடிக் கூரையிலிருந்து ஏறக்குறைய 1,300 லீட்டர் இறங்குகிறது. எங்கள் கூரைப் பீலி அதை அப்படியே பின்பக்கச் சரிவில் ஒரே இடத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. இப்போது குழாய் போட்டு, கல் அடுக்கிய கானில் விட்டிருக்கிறோம். மரம் வளர்க்க நான் செய்த செலவில் மிகவும் பிரயோசனமானது எது என்று கேட்டால், கன்றையோ உரத்தையோ சொல்ல மாட்டேன், அந்தக் குழாயைத்தான் சொல்வேன்.

2020இல் மறுபடியும் பட்டர்புருட் வைத்தோம். இந்த முறை ஒட்டுக்கன்று. குழி ஆழமாகத் தோண்டவில்லை. அகலமாகக் கொத்தி, ஒன்றரை அடி மேடு கட்டி, மேட்டின் மேல் நட்டோம். 2024இல் முதல் காய் 17. போன வருசம் எண்ணவில்லை, அக்கம்பக்கத்துக்கும் கொடுத்தோம்.

சரிவில் வைத்த மரத்துக்கு விடாமல் செய்யவேண்டிய ஒரு வேலை உண்டு. மேல்பக்க மண் மழையில் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி மரத்தின் அடியில் ஏறிக்கொண்டே இருக்கும். தண்டு வேராக விரியும் கழுத்துப் பகுதி மண்ணுக்குள் போனால் பட்டை ஈரத்திலேயே கிடந்து அழுகத் தொடங்கும். அது வெளியே தெரிய வருசக்கணக்காகும். நான் 6 மாதத்துக்கு ஒரு தடவை கையால் மண்ணை விலக்கி, கழுத்து வெளியே தெரிகிறதா என்று பார்ப்பேன். ஒட்டுப் போட்ட இடமும் மண்ணுக்கு மேலேதான் இருக்க வேண்டும். மானாப் புல்லை வெட்டி மரத்தைச் சுற்றிப் பரப்பும்போதும் தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளித்தான் போடுவோம். 2021இல் இரசாயன உரம் இறக்குமதி நின்றபோது ஊரே தவித்தது. எங்கள் மரங்களுக்கு எதுவும் குறையவில்லை. மானாப் புல், ரோட்டோரத்துக் காட்டுச் சூரியகாந்தித் தழை, சாணம், இவைதான் அன்றும் இன்றும்.

வேலிக்கு என்ன வைக்கலாம் என்று கேட்பவர்களுக்கு என் பதில் தேயிலை. எங்கள் காணியின் ஓரத்தில் பழைய விதைத் தேயிலை 11 செடி இருந்தது. பெக்கோக்காரர் பிடுங்கித் தரட்டுமா என்று கேட்டார். அம்மா விடவில்லை. விதையில் வந்த செடிக்கு ஆணிவேர் உண்டு. வெட்டுத்துண்டிலிருந்து வளர்க்கும் வீபி தேயிலையைவிட ஆழமாகப் பிடிக்கும். 9 செடிகளை இடுப்பளவில் வேலியாக வைத்திருக்கிறோம். 2 செடிகளை வெட்டாமல் விட்டோம். இப்போது கூரை உயரத்துக்கு மரமாகி, மஞ்சள் மகரந்தத்தோடு வெள்ளையாகப் பூக்கின்றன. 31 வருசம் தேயிலையோடு வாழ்ந்த அம்மா, அது மரமாக நின்று இப்படிப் பூப்பதை இங்கே வந்துதான் ஆற அமரப் பார்த்தார். மலையில் பூக்க எங்கே விட்டார்கள்?

கவ்வாத்து அம்மாவின் பொறுப்பு. சாய்வாக வெட்டுவார், தண்ணீர் தங்காது. வறட்சியில் கத்தியைத் தொட மாட்டார். முழுதும் மொட்டையடிக்காமல் இலையோடு ஒரு கிளையை விட்டுவைப்பார். வெட்டிய தழையையே மேலே பரப்பி, வெயில் கட்டையைச் சுடாமல் மூடுவார். செடி மறுபடி துளிர்ப்பது வேரில் சேர்த்துவைத்த மாச்சத்தைக் கொண்டுதான். அதனால் தோட்டங்களில் கவ்வாத்துக்கு முன் வேரை வெட்டி அயடின் விட்டுப் பார்ப்பார்கள். கருநீலமாக மாறினால் வெட்டலாம். எங்களிடம் அயடின் இல்லை. ஆனால் வாடிய செடியையும், நிறையக் காய்த்து ஓய்ந்த மரத்தையும் அந்தப் பருவத்தில் பலமாக வெட்டுவதில்லை என்று வைத்திருக்கிறோம்.

ஹைட்ரேஞ்சியாவில்தான் அம்மாவின் கை தவறியது. வாசலில் 6 செடி. தேயிலை மாதிரியே மட்டம் பார்த்து வெட்டிவிட்டார். அந்த வருசம் தழை மட்டும் பொங்கியது, பூ ஒன்றுமில்லை. இந்தச் செடி பெரும்பாலும் போன வருசக் கொப்பின் நுனியில் மொட்டு வைக்கும். மட்டமாக வெட்டினால் மொட்டையே வெட்டியதாகிவிடும். இப்போது பூத்து முடிந்த கொத்தை மட்டும் கீழே முதல் நல்ல கணு வரைக்கும் எடுக்கிறோம். கூடவே கிழட்டுக் கொப்பு இரண்டை அடியோடு எடுப்போம். இன்னொன்று: 4 செடி நீலமாகப் பூக்கும், சீமெந்துச் சுவரை ஒட்டிய 2 செடி மட்டும் ரோஸ் நிறம். தேயிலை மண் புளிப்பு மண். அதில் அலுமினியம் கரைந்து வேருக்குக் கிடைப்பதால் நீலம் வருகிறது. சுவரிலிருந்து இறங்கும் சுண்ணாம்பு அந்தப் புளிப்பை முறிக்கிறது. டொலமைட் என்ற சுண்ணாம்புத் தூள் போட்டாலும் இதே கதைதான். நீலம் பிடித்தவர்கள் அந்தச் செடிப் பக்கம் டொலமைட் கொண்டு போகவேண்டாம்.

பெயார்ஸ் (பேரிக்காய்) இந்த உயரத்துக்கு ஏற்ற மரம். 2 நட்டோம், ஒன்றுதான் இருக்கிறது. ஆடிக் காற்று இங்கே சாதாரணமானதல்ல, கணவாய் வழியாக வந்து இரவெல்லாம் அடிக்கும். ஆடாமல் இருக்க ஒரு கன்றை நைலோன் கயிற்றால் கம்போடு இறுக்கிக் கட்டி, அவிழ்க்க மறந்தேன். தண்டு பருத்ததும் கயிறு பட்டைக்குள் புதைந்துபோனது. மறு ஆடியில் அதே இடத்தில் முறிந்தது. 2 வருசம் வளர்த்த மரம்; அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. மற்றதைப் பழைய சேலைக் கிழிசலால், எட்டுப் போல வளைத்து, கொஞ்சம் ஆட இடம்விட்டுக் கட்டினோம். காற்றில் ஆடினால்தான் தண்டு தடிக்கும். ஒரு வருசத்தில் கட்டை அவிழ்த்துவிட்டோம். பெயார்ஸ் கொப்புகள் நேரே வானத்தைப் பார்த்துப் போகும்; இளசாக இருக்கும்போதே கல் கட்டித் தொங்கவிட்டு வளைத்தால் சீக்கிரம் காய்க்கும். 5ஆம் வருசம் காய்த்தது.

மற்றவை சுருக்கமாக. முருங்கை 3 தடவை வைத்தோம், மூன்றும் குளிரில் அழுகின. இந்த உயரத்தில் ஆசைப்படவேண்டாம். கறிவேப்பிலை 8 வருசத்தில் என் தோள் அளவு, அதுவும் குசினிச் சுவரின் வெயில் பக்கம் இருப்பதால். மரத்தக்காளி ஒன்றரை வருசத்தில் காய்த்துவிடும், சம்பலுக்கு அதைப்போல வேறில்லை. வேர் மேலோட்டமானது, கொப்பு மொட மொடவென்று முறியும். 5 வருசத்துக்கு மேல் எதிர்பார்க்காமல், பக்கத்திலேயே அடுத்த கன்றை வளர்த்துவர வேண்டும். மணி மாதிரித் தொங்கும் வெள்ளைப் பூ ஊமத்தை, பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு ஆகாது. முழுச் செடியும் விஷம். நாங்கள் எடுத்துவிட்டோம்.

வீட்டுக்கு மேலே 3 சவுக்கு மரங்கள் நிற்கின்றன. தமிழ்நாட்டு வாசகர்களுக்கு: நாங்கள் சவுக்கு என்பது நீங்கள் சில்வர் ஓக் என்று சொல்லும் மரத்தை. 60 அடி இருக்கும். அவை எங்கள் காணியில் இல்லை. 2019இல் ஒன்றில் குளவி கூடு கட்டியது. மலையகத்தில் குளவி கொட்டி எத்தனை பேர் செத்திருக்கிறார்கள் என்று இங்கே உள்ளவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கொப்புகளைக் கழிக்க அனுமதி கேட்டுக் கடிதம் கொடுத்து 7 மாதம் அலைந்தேன். பதில் வந்தபோது குளவி தானாகவே போயிருந்தது. கழித்தவர் அனுபவசாலி. பெரிய கொப்பை, தண்டிலிருந்து கொஞ்சம் தள்ளி, முதலில் கீழ்ப்பக்கம் கொஞ்சம் அறுத்து, பிறகு மேலே அறுத்து இறக்கினார், பட்டை கிழியவில்லை. மிச்சக் கட்டையைத் தண்டோடு ஒட்டச் சீவாமல், கொப்பின் அடியில் வளையம் போல் தடித்திருக்கும் இடத்துக்கு வெளியே அறுத்தார். அந்த வளையத்திலிருந்துதான் மரம் காயத்தை மூடிக்கொண்டு வரும். தார் பூச வேண்டாம் என்று அவரே சொன்னார்.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மழை. அதை எழுத இன்னும் கை நடுங்குகிறது. 2014 ஒக்டோபர் 29 மீரியபெத்தை மண்சரிவுக்குப் பிறகு, எங்கள் பக்கத்தில் இரவில் கனமழை கேட்டால் யாரும் தூங்குவதில்லை. அன்று பொழுது சாய்வதற்குள் அம்மாவைக் கூட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டேன். 6 நாள் கழித்துத் திரும்பினோம். மேல் கான் முழுதும் மண்ணால் மூடியிருந்தது. நாங்கள் நட்டிருந்த வெட்டிவேர் வரிசை நின்றது. தேயிலை வேலி நின்றது. அதன் மேல்பக்கம் முழங்கால் உயரத்துக்குச் சேறு. பட்டர்புருட்டின் கழுத்தில் ஒரு அடி மண் ஏறியிருந்தது. வீட்டைக் கழுவுவதற்கு முன்னால் அதைத்தான் விலக்கினோம். மரம் பிழைத்துவிட்டது.

இதை வைத்து மரம் நட்டால் மண்சரிவு வராது என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. எங்கள் வேலியின் வேர் மேலே உள்ள சில அடி மண்ணைப் பிடித்தது, அவ்வளவுதான். மலையே ஆழத்திலிருந்து நகர்ந்தால் மரமும் சேர்ந்து போகும். நிலத்தில் வெடிப்பு, திடீரென்று புது ஊற்று, தெளிந்த ஊற்று கலங்குவது, நேராக நின்ற மரம் சாய்வது, இவற்றில் ஒன்றைப் பார்த்தாலும் வெளியேறிவிட வேண்டும். மரத்தைக் காப்பாற்றுவது பிறகு.

மழைக்குப் பிறகு நடு சவுக்கு கொஞ்சம் சாய்ந்த மாதிரி எனக்குப் பட்டது. கிராம சேவகரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். வந்து பார்க்கும்வரை, அம்மா சொன்னபடி ஆள் உயரத்தில் ஆணி அடித்து, நூலில் கல் கட்டித் தொங்கவிட்டு, கல் நிற்கும் இடத்தில் நிலத்தில் ஒரு முளை அடித்தோம். ஞாயிற்றுக்கிழமை காலையில், காற்று எழும்புவதற்கு முன்னால், அம்மாதான் போய்ப் பார்க்கிறார். இந்த வாரமும் கல் முளைக்கு நேரேதான் நின்றது.