நக்கெட்ஸா பெப்பிள்ஸா?

அறுபதுகளோட அமெரிக்க ஃபஸ் கிட்டார் (சத்தத்தை வேணும்னே சிதைச்சு கரகரன்னு வாசிக்கிறது) பாட்டுக்கு புதுசுன்னா நக்கெட்ஸ்ங்கிற தொகுப்புல ஆரம்பிங்க, 1972ல எலெக்ட்ரா லேபிள் போட்டது, லென்னி கே தொகுத்தது, ரெண்டு எல்பில 27 பாட்டு, அதுல பல பாட்டு அப்பவே சார்ட்ல ஏறினது தான், சவுண்டும் தெளிவா இருக்கும், முதல் பாட்டுல எலெக்ட்ரிக் ப்ரூன்ஸ் கிட்டார் வண்டு மாதிரி ரீங்காரம் போட்டுட்டே காதுக்குள்ள நுழையும் பாருங்க, அதுக்கே குடுத்த காசு சரியாப் போச்சு.

பெப்பிள்ஸ்ங்கிற தொகுப்பு வரிசை வேற ரகம். கிரெக் ஷா எழுபதுகளோட கடைசில ஆரம்பிச்சது, வெளிய தெரியாத லோக்கல் பேண்டுங்க சின்னச் சின்ன லேபிள்ல போட்ட 45 ரெக்கார்டுங்களை (பக்கத்துக்கு ஒரு பாட்டு இருக்குற சின்னத் தட்டு) தேடிப் பொறுக்கினது, அதனால சவுண்டு கொஞ்சம் கரகரன்னு தான் இருக்கும் (எனக்கு அதான் புடிக்கும்). முதல் வால்யூமைப் போட்டதுமே மின்னியாபொலிஸ் பேண்டு லிட்டரோட ஆக்‌ஷன் வுமன் பாட்டு தான், அந்த ஃபஸ்ல இருக்குற முரட்டுத்தனம் பழைய நக்கெட்ஸ்ல தேடினாலும் கெடைக்காது. சைக்கடெலிக் (போதைக் கனவு மாதிரி மயக்குற சவுண்டு) தான் வேணும்னா நேரா மூணாவது வால்யூமுக்குப் போயிடுங்க.