மண்டபம் வார இறுதி மெஷின் லேர்னிங் வகுப்பு: பயஸ் பாடத்துக்காகவே சேரலாம்

மண்டபத்தில் சனி, ஞாயிறு நடக்கும் மெஷின் லேர்னிங் வகுப்பை முடித்துவிட்டேன். சேரலாமா என்று கேட்பவர்களுக்கு: தாராளமாகச் சேருங்கள்.

மாடலைக் கொஞ்சம் கொஞ்சம் டேட்டாவாகக் காட்டி, அடி அடியாகத் திருத்திப் பழக்கும் முறைதான் எஸ்.ஜி.டி. (ஸ்டோகாஸ்டிக் கிரேடியன்ட் டிசென்ட்). அதன் வேர் 1951இல் ராபின்ஸும் மன்ரோவும் எழுதிய கட்டுரையில் இருக்கிறது, அதை எங்கேயும் சொல்லித் தருவார்கள். குலுக்கி எடுத்த நாலைந்து படத்தில் கணக்கிட்ட கிரேடியன்ட், அதாவது மாடலை எந்தப் பக்கம், எவ்வளவு திருத்துவது என்று சொல்லும் எண்கள், சராசரியாகப் பார்த்தால் மொத்த டேட்டாவின் கிரேடியன்ட்டோடு ஒத்துப்போகும் என்பது வழக்கமான பாடம். ஆனால் வேலையில் இறங்கினால் கிரேடியன்ட் ஒரு வரம்பைத் தாண்டாமல் வெட்டி கிளிப்பிங் செய்கிறோம், டாப்-கே என்று பெரிய எண்களை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தை விட்டுவிடுகிறோம், அப்போதே அந்தச் சராசரி ஒரு பக்கம் சாய்ந்து பயஸ் நுழைந்துவிடுகிறது. அப்படிப் பழகிய மாடல் புதுப் படத்தில் தேறுமா?

இதை இங்கே கையால் செய்ய வைத்தார்கள். படத்தைப் பார்த்து மீனை அடையாளம் சொல்லும் மாடல், அதற்குப் பாம்பனில் தென்கடல் (மன்னார் வளைகுடா) பக்கம் கரையேறிய சாளை, பாறை, சீலா, விளமீன் ஆகிய மீன்களின் படங்கள். மாடலை ஒருமுறை பழக்கி, ஒரே ஒரு பாறை மீன் படத்தை மட்டும் மாற்றிவிட்டு, அதே வரிசையில் மறுபடி பழக்கி, இரண்டு மாடலும் எவ்வளவு விலகுகின்றன என்று சுற்றுக்குச் சுற்று வரைந்தோம். கிளிப்பிங் இல்லாதபோது ஈரத்தில் பளபளத்த அந்த ஒரு படமே மாடலைத் தன் பக்கம் இழுத்தது. ஒவ்வொரு படத்தின் கிரேடியன்ட்டுக்கும் தனித்தனியாக உச்சவரம்பு வைத்ததும் விலகல் கோடு தரையை ஒட்டியே ஓடியது. ஒரு உதாரணத்தை மாற்றினால் விடை அதிகம் மாறாது என்றால் மாடல் பழகிய டேட்டாவில் எப்படியோ புது டேட்டாவிலும் ஏறத்தாழ அப்படியே நடந்துகொள்ளும் என்று 2016இல் ஹார்ட், ரெக்ட், சிங்கர் எஸ்.ஜி.டி.க்குக் காட்டிய வாதம் அன்றுதான் எனக்கு முழுசாகப் பிடிபட்டது.

அதைவிட முக்கியமானதையும் மறைக்காமல் சொன்னார்கள். வரம்பை ரொம்ப இறுக்கினால் பழகிய படத்திலும் தப்பு, புதுப் படத்திலும் தப்பு. இரண்டு தப்புக்கும் நடுவே இடைவெளி என்னவோ சின்னதுதான், ஆனால் மாடல் உதவாது!

குறை என்றால் இரண்டு. டாப்-கேயில் விட்ட மிச்சத்தை அடுத்த அடியில் சேர்த்துக்கொள்ளும் முறையை அவசரமாக ஓட்டிவிட்டார்கள், பயஸைச் சமாளிக்க அதுதான் கைகண்ட வழி, ஒரு முழு நாள் ஒதுக்கியிருக்கலாம். அப்புறம், வடகடல் (பாக் நீரிணை பக்கம்) படங்களைக் கொடுத்ததும் மாடல் திணறியது. டேட்டாவே வேறு என்பதால் அது தனிப் பிரச்சினை என்றார் ஆசிரியர். சரிதான், ஆனால் நம் கரையில் இரண்டு கடலுக்கும் ஒரே ஆப்தானே வேண்டும், அதற்கும் பாடம் வையுங்கள்.

ராமநாதபுரத்திலிருந்து வருபவர்கள் ராமேஸ்வரம் பஸ்ஸில் ஏறி மண்டபத்தில் இறங்கிக்கொள்ளலாம். பைத்தான் தெரிந்திருக்க வேண்டும், லேப்டாப் நாம்தான் கொண்டுபோக வேண்டும்.